நடுத்தூணும் ஒரு கைதட்டலும்

போரில் தோற்று ஓடிய ஜப்பான்காரர்கள் புதைத்துவிட்டுப் போன தங்கம் தன் வீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது என்பது எர்னானியின் நம்பிக்கை. பிலிப்பைன்ஸின் கபனத்துவான் பக்கத்தில் இந்தப் பித்துப் பிடிக்காத ஆம்பிளை யார்? கொல்லை முழுக்கத் தோண்டியாகிவிட்டது. மிச்சம் சமையலறை நடுத்தூண்தான். அதன் அடியில் கடப்பாரை இறங்கினால் கூரையும் கூடவே இறங்கிவிடும்.

நல்லவேளையாக, ஊசல் கட்டித் தங்கம் பார்க்கிற கிழவர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். வீட்டுக்காரி மனசாரச் சம்மதிக்காமல் தோண்டினால் காவல் பூதம் தங்கத்தை நகர்த்திவிடுமாம். இரண்டு வருஷமாக அவன் மனைவி மர்லிந்தா "மாட்டேன்" என்றே காலம் தள்ளினாள். அந்த ஒரு சொல்லில்தான் வீடு நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எர்னானி சினிமாவுக்குக் கூப்பிட்டான்.

"புதையல் படமாம். ஒரே சிரிப்பாம்."

"வீட்ல நடக்குற கூத்து பத்தாதா? இதுக்கு டிக்கெட் வேறயா?"

"ஏசி இருக்கும், வா. பிடிக்கலேன்னா தூங்கு."

தூங்கத்தான் போனாள். படம் சுத்தக் குப்பை. கருவாடு விற்கும் விதவை, ஒன்றுக்கும் உதவாத இரண்டு கொழுந்தன்கள். வரைபடத்தில் பாதியை ஆடு தின்றுவிட, அந்த ஆட்டையும் இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள். காதில் பூ சுற்றுகிற கதைதான். ஆனால் ஆடு பாதிரியாரின் அங்கியைக் கடித்த இடத்தில் மர்லிந்தாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் நிற்கவேயில்லை. கடைசியில் குகைக்குள் பெட்டி திறக்காமல் அடம்பிடித்தபோது, "இழுங்கடா, இன்னும் கொஞ்சம்!" என்று கத்தினாள். மூடி திறந்தது. திரையெல்லாம் மஞ்சள் வெளிச்சம். அவள் எழுந்து நின்று, "கெடச்சிருச்சு!" என்று கத்திக் கைதட்டினாள்.

வாயால் கெட்ட தவளையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவள் கையால் கெட்டாள். எர்னானி திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷேர் வண்டியான ஜீப்னியில் திரும்பும்போது ஆரம்பித்தான்.

"மனசாரத் தட்டினியே மர்லி. உன் கண்ல தண்ணியே வந்துச்சு."

"படத்துக்குத் தட்டுனேன்யா!"

"'கெடச்சிருச்சு'ன்னு கத்துனியே. பூதத்துக்குக் காது இல்லியா?"

"அடப்பாவி, அந்த ஆடு பொழைச்சுதேன்னு கத்துனேன்!"

ஜீப்னியே சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரி மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "ஒத்துக்கிட்டு அப்புறம் மாத்திப் பேசாதம்மா. பூதம் ஆளையே அடிச்சிரும்."

உலகமே அவன் கட்சி. மர்லிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கள் காலை அடுப்பு மாமரத்தடிக்கு வந்தது. உள்ளே எர்னானி தூணைச் சுற்றித் தோண்ட, அவள் வெளியே கஞ்சி கிண்டினாள். ஒவ்வொரு குத்துக்கும் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடுங்கலாம். பிடுங்கி என்ன, அவன் கேட்கவா போகிறான்?

திடீரென்று கடப்பாரை எதிலோ மோதி 'டங்'கென்றது.

அவள் கரண்டி நின்றது. தூணும் கூரையும் மறந்துபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்த ஒரு நொடி அவளும் நம்பினாள். அதை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.