உடையாத ஊதல்

மலையடிவார ஊரான செஃப்ரூவின் யூதத் தெருவில் மக்லூஃபை யாரும் திட்டவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பான். அவனுடையது சும்மா இருக்கிற வாய் அல்ல. ஆனால் அவன் சேணம் தைக்கும் கடையைத் தாண்டும்போது பெண்கள் பிள்ளைகளை மறுகைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால் வெயில் என்று சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் போன ஆண்டுப் பிறப்பன்று தொடங்கியது. அந்த நாளில் மேலே பரலோகத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தித் தீர்ப்பு எழுதுகிறார்கள். குற்றம் சாட்டுவதற்கென்றே சாத்தான் அங்கே நிற்கிறான். கீழே ஜெபக்கூடத்தில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதினால் அவன் குழம்பிப்போய், சொல்ல வந்ததை மறந்துவிடுவான். பதினைந்து வருஷமாக அந்தக் கொம்பை ஊதியவன் மக்லூஃப். போன வருஷம் பாதி ஊதலில் அவன் உதட்டின் இடது பக்கம் மரத்துப்போனது. கொம்பிலிருந்து வெறும் காற்று வந்தது. வாயின் மறு ஓரத்தில் வைத்துப் பார்த்தான். சாத்தானே உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான் என்று கிழவர்கள் கொம்பின் அகன்ற வாய்க்குள் வேதத்துச் சங்கீதப் பாடலை ஓதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கசாப்புக்காரர் கொம்பை வாங்கி எப்படியோ ஊதி முடித்தார்.

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஊதல் தவறியதால்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெருவில் பிள்ளைகளாகப் பார்த்துக் கொண்டுபோனது. அதில் ஒருவன் அமராம், மாடியில் குடியிருந்த மக்லூஃபின் விதவைத் தங்கை ஃப்ரீஹாவின் ஒரே மகன். அடக்கம் செய்த அன்றும் அவள் அழவில்லை, பிறகும் அழவில்லை. வழக்கம்போல அண்ணனுக்கு ரொட்டி சுட்டு அனுப்பினாள். அந்த ரொட்டி ஒவ்வொரு நாளும் அவன் தொண்டையில் சிக்கியது.

மறு ஆண்டுப் பிறப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜெபக்கூடத்தின் குருவான ரபி யெதித்யா கடைக்கு வந்தார். மக்லூஃபைவிட வயதில் சிறியவர், படிப்பில் பெரியவர், வாயில் அவனுக்குச் சமமானவர். இந்த வருஷமும் நீங்கள்தான் ஊத வேண்டும் என்றார். மக்லூஃப் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், கசாப்புக்காரரிடம் சொல்லுங்கள் என்றான். அவர் ஊதினால் மாடு ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார் ரபி.

"மோசே கோபத்துல, கடவுள் குடுத்த முதல் கற்பலகையைப் போட்டு உடைச்சாரே, அந்தத் துண்டுகளை என்ன பண்ணாங்க அண்ணே? தூக்கி எறியலை. முழுப் பலகைக்குப் பக்கத்துலயே, அதே பெட்டிக்குள்ள வெச்சுச் சுமந்தாங்க. நீங்களும் பெட்டிக்குள்ளதான் இருக்கணும்."

"துண்டு சும்மா கிடந்தாப் போதும் ரபி. அதைப் போய் யாரும் கொம்பு ஊதச் சொல்லலையே."

ரபி சிரித்துவிட்டுக் கொம்பைத் தையல் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார். மக்லூஃப் அன்று முழுவதும் அதைத் தொடவில்லை. ஆனால் ஆசை யாரை விட்டது? இந்த வருஷம் ஒழுங்காக ஊதிவிட்டால் தெருவாரின் பார்வை மாறும். ஃப்ரீஹாவின் முகத்தை நேராகப் பார்க்கலாம். மறுநாள் கொம்பை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு மலைக்கு ஏறினான்.

மலையில் ஒரு குகை உண்டு. உள்ளே யார் அடங்கியிருக்கிறார் என்பதில் யூதர் ஒன்று சொல்வார்கள், முஸ்லிம்கள் ஒன்று சொல்வார்கள். மெழுகுவர்த்தி மட்டும் இருவரும் ஏற்றுவார்கள். உச்சி வெயிலில் அங்கே யாரும் வருவதில்லை. மக்லூஃப் வாசலில் நின்று ஊதினான். சீக்கு வந்த ஆடு கத்தியது போல ஒரு சத்தம் வந்து, நடுவிலேயே உடைந்தது.

குகை அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் உடையாமல் கொடுத்தது. நீளமாக, நேராக, ஒரு சிராய்ப்பு இல்லாமல் வந்தது அந்த ஊதல். போன வருஷத்துக்கு முன்பு அவன் ஊதிய ஊதல் அப்படியே அதுதான். சொந்தப் பிள்ளையை அடையாளம் காண்கிற மாதிரி அவனுக்குத் தெரிந்தது. ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் அவன் ஓடவில்லை. கண்ணில் நீர் வழிய இன்னொரு முறை ஊதினான்.

தினமும் போனான். கற்றுக்கொண்டது இதுதான்: அரை மூச்சு கொடுத்து நிறுத்தினால் போதும், மீதியை அது எடுத்துக்கொள்ளும். அது நடுவில் மூச்சு வாங்கியதே இல்லை. கொளுத்தும் வெயிலிலும் கொம்பு கையில் கிணற்றுக்கல் போலக் குளிர்ந்தது. ஒரு நாள் கீழே இறங்கும்போது, ஆடு மேய்க்கும் பெர்பெர் மலைவாசிப் பெண் ஒருத்தி அவனை நிறுத்தினாள்.

"உங்கூட உள்ள ஊதுறானே, அவன் யாருப்பா? நல்லா ஊதுறான். ஆனா அவன் ஊதினா எங்க ஆடு மேய மாட்டேங்குது. எல்லாம் குகையைப் பாத்து நின்னுடுது."

தனியாக வந்திருந்த மக்லூஃப் கொம்பை மேலங்கிக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு இறங்கினான். அன்று ஊருக்குள் போனதும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக ஊதிப் பார்த்தான். குகை இல்லை, மலை இல்லை. இருந்தும் அதே குரல் வந்தது. அவனோடு கூடவே இறங்கி வந்திருந்தது. மனைவி மெசூதா சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஊதும்போது உங்க கன்னம் உப்பவே இல்லையே" என்றாள்.

போய் அடுப்பைப் பார் என்று அவளை விரட்டினான். அவள் போனாள். ஆனால் அதன் பிறகு அவன் ஊதினால் பின்கட்டுக் கதவை மூடிக்கொண்டாள்.

இதெல்லாம் தெரிந்தும் கொம்பைத் தூக்கி எறியாதவனை என்ன சொல்வது? ஆண்டுப் பிறப்புக்குச் சில நாள் முன்பு அவன் ரபியிடம் போய், யாரோ ஒருத்தனுக்காகக் கேட்கிற மாதிரி, எந்தச் சத்தம் செல்லும் எது செல்லாது என்று கேட்டான். ரபி, மெலிசாக இருந்தாலும், கரகரத்தாலும், வறண்டாலும் கொம்பின் சத்தம் எல்லாமே செல்லும் என்றார். குழியிலோ குகையிலோ ஊதி, வெளியே இருப்பவன் எதிரொலியை மட்டும் கேட்டால் அது ஒன்றுதான் செல்லாது என்றார். அந்த ஒருத்தன் யார் என்று கேட்காமல் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

மக்லூஃப் வீடு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே வாதாடினான். செல்லாதது குகையின் எதிரொலி. நான் ஊதப்போவது ஜெபக்கூடத்தில், அங்கே ஏது குகை? சத்தம் எங்கிருந்து வந்தால் என்ன, கொம்பு வழியாகத்தானே வருகிறது? சட்டத்தில் ஓட்டை தேடுவதற்கு எங்கள் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும். தெருமுனைக்கு வருவதற்குள் வழக்கில் ஜெயித்துவிட்டான்.

அந்த நாள் வந்தது. கூடம் நிறைந்திருந்தது, மாடத்தில் மரச் சட்டத்துக்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள். மக்லூஃப் ஜெபத்துணியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆசீர்வாதம் சொன்னான். அதைச் சொல்லிவிட்டால் ஊதி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் ரபி மட்டும் அடுத்து எந்த ஊதல் என்று தாழ்ந்த குரலில் சொல்வார். நேராக ஒன்று, விம்மலாக உடைந்து ஒன்று, மறுபடி நேராக ஒன்று. நடுவில் இருப்பது உடையாவிட்டால், இரண்டு பக்கமும் நேராக ஊதியது வீண்.

"நேர்" என்றார் ரபி.

அரை மூச்சு கொடுத்தான். குரல் எழுந்தது. கூடமே நிமிர்ந்தது, கசாப்புக்காரர் வாயைப் பிளந்தார், கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மக்லூஃபுக்கு நெஞ்சு விம்மியது.

"உடைந்தது" என்றார் ரபி.

மூன்று விம்மலாக மூச்சை வெட்டி வெட்டிக் கொடுத்தான். வெளியே வந்தது ஒரே நேரான நீண்ட ஊதல். அழகில் குறைவில்லை. மற்றவர்கள் மயங்கியிருந்தார்கள். ரபி மட்டும் திரும்பிப் பார்த்தார். "உடைந்தது" என்று மறுபடி சொன்னார். மறுபடியும் அது உடையவில்லை. அதற்கு உடையத் தெரியவில்லை.

உதவி தேடுகிறவன் போல மக்லூஃப் மேலே பார்த்தான். மரச் சட்டத்துக்குப் பின்னால் ஃப்ரீஹாவின் முகம் தெரிந்தது. அவள் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, அவள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. அவளைச் சுற்றியிருந்த மற்றத் தாய்மார்களும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மட்டும், அதே போலத் தலையாட்டினார்கள். இது நான் இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் பேச வழியில்லை.

செய்யக்கூடியது ஒன்றே இருந்தது. அந்தக் குரல் புகுந்துகொள்ள இடமில்லாதபடி முழு மூச்சையும் தானே கொடுக்க வேண்டும். கொடுத்தால் போன வருஷம் வந்ததுதான் வரும். அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

முழு மூச்சையும் கொடுத்தான். வெறும் காற்று வந்தது. கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கொம்பு பனிக்கட்டியாகக் குளிர்ந்து உதட்டில் ஒட்டியது. அரை மூச்சு, அரை மூச்சு போதும் என்று கெஞ்சுவது போல இனிமையாக உள்ளே ஏதோ முனகியது. அவன் மீண்டும் நெஞ்சைக் காலி செய்தான். கன்னம் வலித்தது. மரத்த உதடு கிழிந்து, ரத்தத்தின் சூடு கொம்பில் இறங்கியது. சீக்கு வந்த ஆட்டின் சத்தம் வந்தது. அசிங்கமாக, மூன்று துண்டாக.

ரபி கண்ணை மூடி, "நேர்" என்றார். அதுவும் கோணலாகத்தான் வந்தது. ரபி விடாமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல, அவன் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஊதினான். மாடத்தில் ஒரு பெண் ஓவென்று கதறினாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி, இன்னொருத்தி. எது கொம்பு, எது தொண்டை என்று பிரிக்க முடியவில்லை. கடைசி ஊதல் முடிந்தபோது மக்லூஃபின் வெள்ளைச் சட்டையின் மார்பெல்லாம் ரத்தம்.

வெளியே படிக்கட்டில் ஃப்ரீஹா காத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. தலைத்துணியின் நுனியால் அவன் வாயைத் துடைத்தாள். அவன் மன்னிப்புக் கேட்க உதட்டை அசைத்தான், வலியில் வார்த்தை வரவில்லை. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"முதல்ல வந்த சத்தத்தைக் கேட்டப்ப, அமராம் போனது நியாயம்தான்னு எனக்குத் தோணிடுச்சு அண்ணா. பெத்தவளுக்கு அப்படித் தோணலாமா? சரி சரின்னு தலையை வேற ஆட்டினேன். அப்புறம்தான் நீ ஊதினே."