ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஏஜென்ட்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குள் போகிறவர்களின் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பொறி போதும். என் அம்மா எம். புதுப்பட்டி ஆலையில் தினமும் அப்படிப் போனைக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குள் போகிறாள். ஆனால் காலண்டர் அச்சடிக்கிற ஆபீசில் என் போனை வாங்கி டிராயருக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர் முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி ஒருவர்தான்.

"தப்பா நெனைக்காதம்மா. உள்ள வார எல்லாருக்கும் இதே சட்டந்தான்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய போன் சட்டைப் பையில் சாமி பாட்டுப் பாடியது. ரத்தினசாமியின் போன் மேஜை மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தினசாமி அங்கே டிசைன் போடுகிறவர். ஆக, அந்தச் சட்டத்துக்குள் வந்த 'எல்லாரும்' நான் ஒருத்திதான்.

விருதுநகரில் சரவணக்குமார் சார் நடத்துகிற நெட்வொர்க் கடையில் நான் வேலை பார்க்கிறேன். பருப்பு மண்டி, எண்ணெய் மில், அச்சகம் என்று மாவட்டத்தில் பல இடங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். எங்கே சர்வர் படுத்தாலும் பஸ் பிடித்து ஓடுகிறவள் நான். சார் கடையில் உட்கார்ந்து பில் போடுவார். அன்றைக்கு அண்ணாச்சி கூப்பிட்டது சர்வர் படுத்ததற்காக அல்ல.

ஆடிப் பதினெட்டு அன்றுதான் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். வியாபாரிகள் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அதுவரைக்கும் புது டிசைனைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். இந்த வருடம் அண்ணாச்சி மலைபோல நம்பியிருந்தது மாரியம்மன் படம் போட்ட ஒரு காலண்டரை. அட்டையின் ஓரத்தையே வேப்பிலை வடிவத்தில் வெட்டியிருந்தார்கள். வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க சம்பந்தி பிரஸ்ல அதே வேப்பிலை ஓடுதாம்மா. மதுரை வியாபாரி கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுதாரு" என்றார் அண்ணாச்சி.

"உங்க மகளக் குடுத்த வீட்டுலயா?"

"ஆமா, பிரீத்திகாவோட மாமனார்தான். அதுக்காக அவளச் சந்தேகப்பட்டுராத. அவளுக்குக் காலண்டர்னா தேதி கிழிக்க மட்டுந்தான் தெரியும். இது இந்த சர்வர்லருந்து யாரோ எடுத்துக் குடுத்தது. பாஸ்வேர்டு ரத்தினசாமிகிட்ட இருக்கு. பெறகு ஒங்கிட்ட இருக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, டிராயரைப் பார்த்தார்.

எனக்கு இந்த ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரே சொத்து என் பெயர்தான். பானுப்பிரியாவிடம் சர்வரை விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம் என்று முதலாளிகள் சொல்லுகிற அந்தப் பெயர். ஒரு முதலாளி வாயில் 'அந்தப் பிள்ளை சரியில்லை' என்று வந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் அது சாத்தூரைத் தாண்டிவிடும். அப்புறம் எந்தக் கம்பெனிப் படியும் ஏற முடியாது. பட்டாசு வேலைக்காரி மகள் என்றால் இன்னும் வேகமாகப் போகும். இதையெல்லாம் வெளியே சொன்னால் கோபக்காரி என்பார்கள். ஆமாம், கோபக்காரிதான்.

எனக்குக் கொடுத்த வேலை, சர்வரில் ஒரு கண்காணிப்பு ஏஜென்டைப் போடுவது. ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, சின்ன மென்பொருள். சர்வருக்குள் உட்கார்ந்து யார் உள்ளே வருகிறார்கள், எந்தக் கோப்பைத் திறக்கிறார்கள் என்று பார்த்து, நாம் கொடுத்த முகவரிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். என் மேல் சந்தேகப்படுகிறவருக்கு என் கையாலேயே காவல் வைத்துக் கொடுக்க வேண்டும். நல்ல வேடிக்கைதான்.

போட்டேன். ஓடவில்லை. நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். தலையைக் காட்டிவிட்டு உடனே படுத்துக்கொண்டது. ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அண்ணாச்சி நாற்காலியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் திரையில் ஓடுகிற ஒவ்வொரு வரியையும் விடாமல் பார்த்தார்.

"ஓடலையா, இல்ல ஓட வேண்டாம்னு இருக்கியா?" என்று கேட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் சர்வர் எழுதி வைக்கிற பதிவேடான லாக்கைத் திறந்தேன். காரணம் அங்கே இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் வெளியே பேச ஒரு போர்ட் வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. ஒரே எண்ணில் இரண்டு குடித்தனம் நடத்த முடியாது. நான் போட்ட ஏஜென்டுக்கு உரிய எண்ணில் ஏற்கெனவே வேறு ஏதோ ஒன்று குடியிருந்தது. எது என்று தேடினால் 'பிரிண்ட் ஹெல்ப்பர்' என்று வந்தது. அச்சகத்தில் அந்தப் பெயரை யார் சந்தேகப்படுவார்கள்? நானே எத்தனையோ தடவை அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பிரிண்டருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதுவும் ஒரு ஏஜென்ட்தான். யாரோ வேறு பெயர் சூட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். திருடன் அகப்பட்டான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி அண்ணாச்சியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது யாருக்குச் சேதி அனுப்புகிறது என்ற வரி கண்ணில் பட்டது. அந்த முகவரி எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அது எங்கள் கடை.

"என்னம்மா, அப்பிடியே நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பாத்துக்கிட்டிருக்கேன்."

பொய் சொன்னதும் காது மடல் சூடாகிவிட்டது. ரத்தினசாமியின் பாஸ்வேர்டு கோப்பைத் திறக்க மட்டும்தான் உதவும்; இந்த சர்வரில் புதிதாக எதையும் போட இரண்டு பேரால்தான் முடியும். ஒருத்தி நான், இன்னொருவர் சார். நான் போடவில்லை. போன மாதம் சார் அதே சம்பந்தி பிரஸ்ஸில் புதிதாக வேலை பிடித்தார். வழக்கத்துக்கு மாறாக என்னை அனுப்பாமல் அவரே போனார். அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. இங்கிருந்து டிசைனை எடுத்து அங்கே கொடுத்தது சார்தானா? சொன்னால் கடையோடு சேர்ந்து நானும் போவேன். சொல்லாவிட்டால் நானும் கூட்டுக் களவாணி.

"சாருக்கு ஒரு போன் பண்ணணும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் டிராயரைத் திறக்கவில்லை. மேஜையில் இருந்த லேண்ட்லைனை என் பக்கம் தள்ளினார். "இதுலயே பேசு."

"சார், பானு பேசுதேன். இங்க 'பிரிண்ட் ஹெல்ப்பர்'னு ஒண்ணு இருக்கு. நீங்க போட்டதா?"

"பக்கத்துல யாரு இருக்கா?" என்றார் சார்.

"அண்ணாச்சி."

"அதத் தொடாத. நான் வாரேன்."

மடியில் கனம் இல்லாதவர் பேசுகிற பேச்சா இது? அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார். "எதுக்கு அவரு வாராரு? ஒன்னால முடியாதா?" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினேன். தொடாதே என்று சொன்ன பிறகு தொடாமல் இருக்கிற பிறவி நான் இல்லை.

அந்த ஏஜென்ட் தான் அனுப்பிய சேதிகளின் நகலைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தது. அதைப் பிரித்தேன். ரத்தினசாமி பெயரைத் தேடினேன், இல்லை. அண்ணாச்சி பெயரும் இல்லை. டிசைன் ஒன்றுகூட இல்லை. தை மாதத்திலிருந்து எல்லா வரியிலும் ஒரே பெயர்தான். பானு உள்ளே வந்தாள். பானு வாடிக்கையாளர் விவரத்தைத் திறந்தாள். பானு மூடினாள். பானு வெளியே போனாள். வேறு யாரையும் பார்க்க வேண்டாம், இவளை மட்டும் பார் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

சார் திருடர் இல்லை. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அண்ணாச்சிக்காவது டிசைன் போன துக்கம், அதனால் டிராயரைப் பூட்டினார். சாருக்கு என்ன போயிற்று?

ஆனால் முதலில் என் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும். சர்வரின் சொந்த லாக்கைத் திறந்து வேப்பிலை டிசைன் போன பாதையைப் பார்த்தேன். ரத்தினசாமியின் கம்ப்யூட்டரைத் தாண்டி அது எங்கேயும் போகவில்லை. ஒரே ஒரு தடவை, ஆனி மாதக் கடைசியில், கலர் பிரிண்டருக்குப் போயிருந்தது.

"அண்ணாச்சி, டிசைன் கம்ப்யூட்டர் வழியா வெளிய போகல. ஒரே ஒரு பிரிண்ட் எடுத்திருக்கீக. அது எங்க?"

"அது எங்க வீட்டு பீரோவுக்குள்ள இருக்கு. சாவி எம் பொஞ்சாதிகிட்ட." அவர் குரல் ஏறியது. "நீ என்ன கேக்க வார? எம் பொருள நானே வித்துட்டேன்ங்கியா?"

அந்த நேரம் பார்த்து சரவணக்குமார் சார் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தார். வந்தவுடன் திரையைப் பார்த்தார். நான் மூடாமல் விட்டிருந்த அந்த நகலில் வரி வரியாக என் பெயர். என்னைப் பார்க்காமல் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"அந்தப் பிரிண்டக் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று நான் விடாமல் கேட்டேன்.

வீடு மாடியில்தான். செல்வக்கனி அக்கா, அதாவது அண்ணாச்சியின் மனைவி, மஞ்சள் துணியில் சுற்றிய அட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். துணியைப் பிரித்ததும் வேப்பிலையின் காம்புப் பக்கம் குங்குமம் ஒட்டியிருந்தது தெரிந்தது.

"இதுல குங்குமம் எப்படி அக்கா?"

"இருக்கன்குடி கோயிலுக்குக் கொண்டு போனோம்ல" என்றார் அவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல. "மாரியாத்தா படத்த அவ காலடியில வைக்காம வெளிய விடலாமா? இவுகதான் வச்சு எடுத்துட்டு வாங்கன்னாக."

"கூட யாரு யாரு வந்தா?"

"நானு, பிரீத்திகா, சம்பந்தியம்மா. சாமிப் படத்தக் கார்ல கீழ வைக்கக் கூடாதுன்னு போகையிலும் வரையிலும் சம்பந்தியம்மாதான் மடியில வச்சிருந்தாக. திருப்பித் திருப்பிப் பாத்து, ஆத்தா எம்புட்டு அம்சமா இருக்கான்னு கன்னத்துல போட்டுக்கிட்டாக. நல்ல மனசு அவுகளுக்கு."

ரத்தினசாமி எழுந்து வெளியே போய்விட்டார், சிரிப்பை அடக்கத்தான். டிசைனைப் பார்த்த ஒவ்வொரு ஆளையும் வரிசையாக எண்ணிச் சந்தேகப்பட்ட அண்ணாச்சிக்கு, அது கோயிலுக்குப் போய் வந்தது மட்டும் கணக்கில் வரவே இல்லை. சாமியிடம் போன பொருள் வெளியே போன பொருளாக அவருக்குப் படவில்லை.

"கோயிலுக்குத்தான போச்சு" என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொன்னார். பிறகு சட்டென்று சிரித்தார். "சரி விடு. நம்ம பிள்ள வாழுற வீடு. என்னன்னு போய்க் கேக்க? அவுகளும் நல்லாருக்கட்டும்."

டிராயரைத் திறந்து என் போனை எடுத்துக் கொடுத்தார். "தப்பா நெனைக்காதம்மா" என்றார் மறுபடியும். சம்பந்தி வீட்டுத் திருட்டு ஒரு சிரிப்பில் முடிந்துவிட்டது. திருடாத எனக்குத்தான் பூட்டு. போனை வாங்கிக்கொண்டேன், சரி என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"நான் அப்பவே நெனைச்சேன் அண்ணாச்சி, நம்ம பானு அப்பிடிப்பட்ட பிள்ள இல்ல" என்றார் சார், பெருமையாக. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அங்கே அழவில்லை.

வாசலில் பைக் பக்கத்தில் நின்று கேட்டேன். "எதுக்கு சார் அதப் போட்டீக?"

"கோவப்படாத பானு. உம் பேர்ல தப்பே இல்லன்னு அது வச்சிருக்கிற கணக்கே சொல்லுதுல்ல? ஒரு வகையில நல்லதுதான்."

"டிசைன் போனது இப்ப. அது தை மாசத்துலருந்து இருக்கு."

அவர் ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். "எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உம் பேரத்தான் சொல்லுதாக. பானுவ அனுப்புங்க, பானுவ அனுப்புங்கன்னு. ஒரு நாளைக்கு நீ தனியாக் கடை போட்டுட்டா எல்லாரும் உம் பின்னால வந்துருவாக. எந்த விவரத்த எடுக்க, யாருகிட்டப் பேசுதன்னு தெரிஞ்சா நல்லதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"சம்பந்தி பிரஸ்ஸுக்கு என்னைய அனுப்பாம நீங்களே போனதும் இதுக்குத்தானா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாக் கம்பெனியிலயும் போட்டிருக்கீகளா?"

அவர் சட்டைப் பையில் பைக் சாவியைத் தேட ஆரம்பித்தார். நான் போய் வந்த சர்வர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மல்லாங்கிணறு பருப்பு மில்லில் மழையில் நனைந்த கேபிளைப் பல்லால் கடித்து உரித்திருக்கிறேன். அன்றைக்கும் ஒன்று உள்ளே உட்கார்ந்து, பானு வந்தாள், பானு போனாள் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கும். நானோ யார் கேட்டாலும் 'எங்க கடை' என்றுதான் சொல்லி வந்தேன். தனியாகப் போக வேண்டும் என்ற நினைப்பு எனக்குக் கனவில்கூட வந்ததில்லை. அதை எனக்கு முன்னால் நினைத்தவர் அவர்தான்.

"எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துருதேன். சத்தியமா" என்றார் சார். குரல் தணிந்திருந்தது. "நீ தனியாப் போயிர மாட்டேல்ல?"

"இன்னைக்குக் காலைல கேட்டிருந்தீகன்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன் சார்."

அவர் வண்டியைக் கிளப்பிப் பின் சீட்டைத் தட்டிக் காட்டினார். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.