எட்டுக் கிலோவாட்

சாவியை இடப்பக்கமாகத் திருப்பியதும் ஆக்சிஜன் சிலிண்டர் ஒருமுறை சீறி அடங்கியது. டீச்சர் குனிந்து முள்ளைப் பார்த்தாள். பச்சைக் கோட்டின் மேல்முனையில் நின்றது, முழுசாக நிரம்பியிருந்தது. நிமிடத்துக்கு நான்கு லிட்டர் என்றால் மூன்று மணி நேரமும் பத்து நிமிடமும் தாங்கும். சிலிண்டர் வந்த அன்றைக்குப் போட்ட கணக்கையே மனசுக்குள் மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டாள். மெஷினிலிருந்து குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் செருகினாள். மெஷின் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"மாத்திட்டேங்க! மூச்சு வருதா?" என்று புருஷனின் காதருகே கத்தினாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த மில்லுக்காரர் கண்ணை மூடித் திறந்தார். வருகிறது என்று அர்த்தம்.

ஏழு மாதமாக இந்த வீட்டில் பேச்சு என்றால் கத்தல்தான். ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக ஓடியது. அவர் காது ஏற்கெனவே பாதி போனது. சந்தை முனையில் முப்பத்தோரு வருஷம் மாவு மில் ஓட்டியதில் மோட்டார் காதைத் தின்றது, மாவு நெஞ்சைத் தின்றது. மில்லை விற்ற பிறகும் தெருவில் அவருக்கு மில்லுக்காரர் என்றுதான் பேர்.

வீட்டுக்கு வந்த கரண்டோ, வீடு கட்டின காலத்து ஒற்றை லைன். அன்றைக்கு நாலு விளக்கு, ரெண்டு காற்றாடி, அதற்குப் போதும். இப்போது தண்ணீர் மோட்டாரைப் போட்டால் விளக்கு அழுதது. ஏ.சி.யைப் போட்டால் மோட்டார் முக்கியது. வோல்டேஜ் இறங்கியதும் ஆக்சிஜன் மெஷின் கீச்சுக் கீச்சென்று அலறும். டீச்சர் பள்ளிக்கூடத்து டைம்டேபிள் மாதிரி ஒன்று எழுதி ஒட்டி, ஒன்றை நிறுத்தினால்தான் மற்றொன்று என்று வீட்டை ஓட்டி வந்தாள். ஒரு மத்தியானம் கம்பத்திலிருந்த இணைப்பே கருகிப்போய் நாற்பது நிமிஷம் மெஷின் செத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் மூணு ஃபேஸுக்கு எழுதிப் போட்டாள்.

மனுவில் ஐந்து கிலோவாட் என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போடக் கொடுத்தபோது அவர் பேனாவை வாங்கி ஐந்தை அடித்து எட்டு என்று எழுதினார்.

"எதுக்குங்க எட்டு?"

"போடறதை உருப்படியாப் போடு," என்று மட்டும் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து, இன்று காலை பத்து மணிக்கு, ஏணியைக் கட்டிக்கொண்டு ஒரு சின்ன லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் லைன்மேன், நரைத்த மீசை. மற்றவரை அவர் நெட்டை என்று கூப்பிட்டார். உள்ளபடியே நல்ல உயரம்.

லைன்மேன் வாசலில் நின்றபடியே சொன்னார். "ரெண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது டீச்சர். கம்பத்துலேர்ந்து வயர் புதுசா இழுக்கணும், மீட்டர் மாத்தணும், எர்த் அடிக்கணும். ஐயா ஆக்சிஜன்ல இருக்கார்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. வேணும்னா தள்ளிப் போட்டுக்கலாம்."

"தள்ளிப் போட்டா எப்ப வருவீங்க?"

"அடுத்த மாசம் ஆயிடும்."

நேற்றுதான் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வாசல்வரை போய் வழியனுப்பியவளிடம் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே நாள் கணக்குதாம்மா," என்றார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இந்த மனுஷரிடம் "வேண்டாம், போயிட்டு வாங்க" என்று சொன்னால் அதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டும். உள்ளே போய் அவரிடமும் சொல்ல வேண்டும். ஏன் திருப்பி அனுப்பினாய் என்று அவர் கேட்பார்.

"இல்ல. இன்னிக்கே முடிச்சிடுங்க," என்றாள்.

உள்ளே வந்து அவரிடம் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கம்பம் தெரிகிற மாதிரி தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள்.

வெளியே லைன்மேன் என்னவோ குரல் கொடுத்தார். மெஷின் பட்டென்று நின்றது.

டீச்சருக்கு ஒரு கணம் தன் காதுதான் அடைத்துவிட்டதோ என்றிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். அப்புறம் அவருடைய மூச்சு. சல்லடையில் தவிடு சலிப்பது மாதிரி சரசரவென்று ஏறி, நடுவில் நின்று, இறங்கியது. ஏழு மாதமாக இந்தச் சத்தத்தை மெஷின் மூடி வைத்திருந்தது. மெஷின் செத்துக் கிடந்த அந்த நாற்பது நிமிஷப் பதற்றத்திலும் இது காதில் விழவில்லை.

"ஏய் கணக்கு," என்றார் அவர்.

கல்யாணமான புதிதில் கணக்கு டீச்சரை வம்புக்கு இழுக்க வைத்த பேர்.

"என்னங்க?" என்று கத்தினாள்.

"கத்தாத. கேக்குது."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, அது அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. துண்டால் வாயைத் துடைத்து மடித்து வைத்தாள். துண்டைப் பார்க்கவில்லை.

நெட்டை கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார். மில்லுக்காரர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். பேச்சு மூன்று வார்த்தை, பிறகு ஒரு மூச்சு. மறுபடி மூன்று வார்த்தை.

"நல்லா ஏர்றான். கையில க்ளவுஸ் இல்ல. போடச் சொல்லு."

"அவங்களுக்குத் தெரியாதாங்க?"

"என் மில்லுல ஒருத்தனைக் கரண்ட் அடிச்சுது... அவனும் எல்லாம் தெரிஞ்சவன்தான். போய்ச் சொல்லு."

வெளியே போய்ச் சொன்னாள். லைன்மேன் சிரித்தார். "நம்ம லைன்ல கரண்டை நிறுத்தியாச்சு டீச்சர்... சரி, மேல இன்னொரு லைன் ஓடுது. ஐயா சொல்றதும் சரிதான். டேய் நெட்டை, க்ளவுஸை மாட்டு! வீட்டுக்காரர் உள்ளேர்ந்து பாத்துக்கிட்டிருக்கார்!" பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எட்டுக் கிலோவாட்டா? அப்படி என்ன ஓட்டப் போறீங்க?"

"எனக்கே தெரியல. அவரைத்தான் கேக்கணும்."

உள்ளே வந்து கேட்டாள்.

அவர் கண் கம்பத்திலேயே இருந்தது. நெட்டை க்ளவுஸ் போடுகிறாரா என்று பார்த்து முடித்தார்.

"அவ அடுப்புக்கு."

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் முன்னறையில் பெரிய கரண்ட் அடுப்பு வைத்து பன்னும் பிஸ்கட்டும் போட வேண்டும் என்று நின்றாள். அதற்கு மூணு ஃபேஸ் வேண்டும். இவர் முடியாது என்று ஒரே பிடி. "இந்த வீட்ல இனிமே மாவு பறக்கக் கூடாது," என்றார். மகளுக்கு அது வேறு மாதிரி பட்டது. தன் மில்லு படுத்துப்போன ஆத்திரத்தில் நான் எழுந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறார் என்றாள். வெளியூரில் ஒரு ஷெட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா எப்படி இருக்கார் என்று அம்மாவைக் கேட்பாள். அவ எப்படி இருக்கா என்று அவரும் இவளைத்தான் கேட்பார். உடம்பு முடியாமல் போனபின் இரண்டு தடவை வந்து போனாள். மெஷின் இரைச்சலில் அப்பாவும் மகளும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"அடுப்பு ஆறு. வீட்டுக்கு ரெண்டு போதும்... உன் கணக்குல அவளை விட்டுட்ட," என்றார்.

"மாவு பறக்கக் கூடாதுன்னீங்களே?"

"மூக்கைக் கட்டிக்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க." அவள் ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்தாள். அந்த அமைதியில் மறுமுனைக் குரல் அவளுக்கும் கேட்டது.

"சொல்லும்மா."

"நான்தான்."

மறுமுனையில் தட்டு ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு பதறிக்கொண்டு, "அப்பா? மெஷின் சத்தம் கேக்கலையே, என்னாச்சு?"

"லைன் மாத்தறாங்க. மூணு ஃபேஸ்."

"சரிப்பா."

"உன் அடுப்பு... எத்தனை கிலோவாட்?"

"அஞ்சரை. ஏம்ப்பா?"

"சும்மாதான்."

டீச்சர் அவர் தோளை இடித்தாள். சொல்லுங்கள் என்று வாயசைத்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்பா," என்றது குரல்.

"வா," என்றார். அதற்குமேல் மூச்சு இல்லை. ஃபோனை அவளிடம் தள்ளினார். அவள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள்.

"அரை மிச்சம் வருது," என்றார் அவர், கொஞ்சம் கழித்து.

இரண்டு மணி நேரம் என்றது நீண்டது. எர்த் கம்பி கல்லில் இடித்துக்கொண்டு இறங்க மறுத்தது. சுத்தியல் சத்தம் நெடுநேரம் கேட்டது. புதிய வயர் நான்கு கம்பிகளோடு கறுப்பாகக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கியது. மில்லுக்காரர் தண்ணீர் கேட்டார். இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. சாய்ந்திருக்க முடியவில்லை என்றார். ஒரு தலையணையை எடுத்து இறக்கிப் படுக்க வைத்தாள்.

"முடிஞ்சுதா?"

"கம்பத்துல ஒரே ஒரு முனைதான் பாக்கிங்க. மேல ஏறிட்டார்."

அவர் தலையை அசைத்தார். அதுவும் பாதிதான் அசைந்தது.

சரசரப்பு இப்போது விட்டு விட்டுக் கேட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் டீச்சர் எண்ணத் தொடங்கினாள். எட்டு. பதினொன்று. பதினேழு. ஒன்பது என்று குறைந்தபோது நெஞ்சு லேசானது. இருபத்திரண்டு. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது. பிறகு எண்ணிக்கொண்டே போனாள். அறுபது வந்ததும் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நூறைத் தாண்டியும் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

சிலிண்டர் முள் இன்னும் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. காற்று சன்னமாகக் குழாயில் போய்க்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பித் தொண்டைக்கு வந்தது. அவள் நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கம்பத்தின் உச்சியில் நெட்டை ஒரு காலைக் கொக்கி போட்டு, இரண்டு கையாலும் கடைசி முனையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு ஒரு முழத்துக்கு மேலே இன்னொரு லைன் ஓடியது. அதில் கரண்ட் இருந்தது.

டீச்சர் புறங்கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தம் உள்ளேயே திரும்பி இறங்கியது. நெட்டை முனையை முறுக்கினார், இழுத்துப் பார்த்தார், டேப்பைச் சுற்றினார். கீழே இருந்தவரிடம் என்னவோ கேட்டார். பதில் வந்தது. மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். கொக்கியை எடுத்து ஒரு படி இறங்கினார். நின்று மூக்கைச் சொறிந்துகொண்டார். இன்னொரு படி. அவர் கால் தரையில் படும்வரை அவள் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது, அழுகையின் தடம் தப்பிப்போயிருந்தது. எங்கே விட்டோம் என்று தெரியவில்லை.

"டீச்சர்! லைனைக் குடுக்கறோம்!"

விளக்கு பளீரென்று எரிந்தது. காற்றாடி சுற்றியது. நிறுத்தாமல் விட்டிருந்த மெஷின் ஒருமுறை கூவிவிட்டு இரைய ஆரம்பித்தது.

லைன்மேன் கையில் ஒரு ஃபாரத்தோடு அறை வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வையும் திருப்தியும். அந்த இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்: "பாத்தீங்களா, வோல்டேஜ் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது! இனிமே எதை வேணா போடுங்க, ஐயாவோட மெஷின் அலறாது. சர்வீஸ் அவர் பேர்ல இருக்கு. ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

"போயிட்டார்," என்றாள் டீச்சர்.

"என்ன டீச்சர்? கேக்கல."

"போயிட்டாரு!" என்று அவள் கத்தினாள்.

லைன்மேன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலருகே நின்று பார்த்தார். மெஷினின் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோய், அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் அமுக்கினார்.

"எப்போ?"

"உங்க ஆள் கம்பத்துல இருக்கறப்போ."

லைன்மேன் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தார். பிறகு அவள் புறங்கையில் பதிந்திருந்த பல் தடத்தைப் பார்த்தார்.

"அந்தக் கல்லு மட்டும் இல்லேன்னா ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சிருப்போம்..."

"இல்ல." அவள் சிலிண்டரைக் காட்டினாள். "இன்னும் இருக்கு பாருங்க. அது தீரல."

அதை அவருக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. எழுந்து ஃபாரத்தை வாங்கினாள். எங்கே போட வேண்டும் என்று அவர் விரலால் காட்டினார். மனுதாரர் என்ற இடத்துக்குக் கீழே தன் பேரை எழுதினாள். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, எழுத்து நேராக வந்தது.

"யாருக்காவது சொல்லணுமா டீச்சர்? நம்பர் குடுத்தா நான் பேசறேன்."

"பொண்ணுக்குத்தான். நானே சொல்லிக்கறேன்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

டீச்சர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். முதலில் எதைச் சொல்வது என்று ஓடவில்லை. அவர் போனதையா, அடுப்பையா? எதை முதலில் சொன்னாலும் மற்றது தப்பாகப் போய்விடும் போலிருந்தது.

வெளியே லைன்மேன் நெட்டையிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நெட்டை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். இருவரும் ஏணியைத் தூக்கி வண்டியில் வைத்து, அது ஆடி இடிக்காமல் நான்கு இடத்தில் கட்டினார்கள். லைன்மேன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார். வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்தார், வைத்த கையைத் திருப்பாமலே எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

பிறகு அவர் கதவு வழியாக ஒரு கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நெட்டை பின்னாலிருந்து தோளைக் கொடுக்க, வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே இரண்டு பேரும் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார்கள்.