ஒற்றைப்படை வீடுகளின் தொகுதி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பூட்டுக்கடையில் கிடைத்தது. சாவியைத் தொலைத்துவிட்டு மாற்றுச் சாவி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கடைக்காரர் ஜிக்மண்ட் புருஸ்கி, வயது எழுபத்தொன்று, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நீ கதை எழுதறவன்தானே? ஒண்ணு சொல்றேன். பேரை மட்டும் மாத்திடு" என்றார்.

மேலே இருப்பதில் பாதிதான் உண்மை. மீதியை ஐந்தாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் கதையின் நாயகி வெர்லீனை விட்டுவிட்டு என்னைக் கவனிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

பெயர்களை மாற்றிவிட்டேன். நகரத்தின் பெயரை எடுத்தே விட்டேன். ஏரிக்கரை நகரம், பத்தொன்பது ஆண்டுகளாக நான் குடியிருக்கும் நகரம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "அமெரிக்க மக்களவைக்கு நானூற்று முப்பத்தைந்து தொகுதிகள். பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணி, கோடுகளைத் திருத்தி—" பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "நான்காவது தொகுதியின் வரைபடம், கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையைச் சுரண்டி எடுத்தது போல—" வடிவம் அதேதான். ஆனால் இந்தக் கதையில் வருகிறவர்கள் யாரும் தோசையைக் கண்டதில்லை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "வெர்லீன் ஓக்ஸ் முப்பத்தோரு ஆண்டுகள் பதினான்காம் எண் பேருந்தை ஓட்டினாள்."

இது இருக்கட்டும்.

(அறுபத்தேழு வயதுப் பெண்ணை 'அவள்' என்பதா என்று தயங்கினேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தால் நான்கடி தள்ளி நின்று கைகட்டிப் பேசுவது போலிருந்தது. ஜிக்மண்டுக்கு 'அவர்'தான். அவருக்கும் எனக்கும் நடுவே எப்போதும் கடை மேசை இருந்தது.)

3

பெல்வுட் தெருவில் வெர்லீனின் வீடு 2215. அவளுடைய அப்பா வாங்கியது. அப்போது தொகுதி போலந்துக்காரர்களுடையது. ஒரே ஆள் இருபத்தெட்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். அவருக்குக் கொடி பிடித்தவர்களில் ஜிக்மண்டின் அப்பாவும் ஒருவர். பிறகு விரைவுச்சாலை வந்து தெருக்களை அறுத்துக்கொண்டு போனது. போலந்துக் குடும்பங்கள் தெற்கே நகர்ந்தன. அடுத்த வரைபடத்தில் தொகுதிக் கோடும் அவர்களைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போயிற்று. வழக்கு, தீர்ப்பு, புதிய வரைபடம். முதல்முறையாக ஒரு கறுப்பினத்தவர் ஜெயித்தார். வெர்லீன் அன்று பேருந்தின் ஒலிப்பானை மூன்று நிறுத்தங்களுக்கு விடாமல் அடித்ததற்கு மேலதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். அந்த முதல் கறுப்பின உறுப்பினருக்குப் பின் ஹார்லன் மேப்ரி, இருபத்தாறு ஆண்டுகள்.

"ஒரு சட்டியைக்கூட இடம் மாத்தி வெச்சதில்ல நான். ஆனா மூணு தொகுதியில குடியிருந்துட்டேன்" என்பாள் வெர்லீன்.

கடைசி வரைபடத்தைப் போட்டவர்கள் கோட்டைப் பெல்வுட் தெருவின் நடுவிலேயே இழுத்தார்கள். ஒற்றைப்படை எண் வீடுகள் நகரத்தோடு நான்காவது தொகுதியில். எதிர்வரிசை இரட்டைப்படை வீடுகள் ஐந்தாவதில்; அது முப்பது மைல் நீண்டு குதிரைப் பண்ணைகளில் போய் முடியும். இரண்டு வரிசைக்கும் வாக்குச்சாவடி ஒன்றே, முனையிலிருக்கும் தீயணைப்பு நிலையம். தேர்தல் நாளில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசைகளைப் போடுவார்கள். நான்காவதுக்கு வெள்ளைச் சீட்டு, ஐந்தாவதுக்கு வெளிர்மஞ்சள் சீட்டு.

ஒவ்வொரு சாவடியிலும் கட்சிக்கு ஓர் அதிகாரி. ஜனநாயகக் கட்சி சார்பில் வெர்லீன், குடியரசுக் கட்சி சார்பில் ஜிக்மண்ட். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே மேசை. அவர் தொத்திறைச்சி கொண்டுவருவார், அவள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்பைக் கொண்டுவருவாள். இரண்டையும் தின்றுகொண்டே ஒருவர் கட்சியை ஒருவர் திட்டுவார்கள்.

4

நான்காவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்துகிறதோ அவர்தான் நவம்பரில் ஜெயிப்பார். ஆகவே கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல். அந்த ஆகஸ்டில் மேப்ரியை எதிர்த்து டெனிட்டா ஃபாரோ நின்றாள். முப்பத்துநான்கு வயது, வாடகைக்குடியிருப்போருக்காக வாதாடும் வக்கீல். வெர்லீனோடு பேருந்து ஓட்டிய தோழியின் மகள், வெர்லீனின் ஞானமகள். தாய் இறந்தபின் பள்ளிப் படிப்பு முடியும்வரை 2215இல்தான் வளர்ந்தாள்.

சாவடி அதிகாரி என்பதால் வெர்லீன் அவளுக்காக ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. ஜன்னலில் ஒரு அட்டை வைக்கவில்லை.

அறுபத்தோராயிரம் வாக்குகளில் டெனிட்டா பத்தொன்பது வாக்குகள் முன்னிலை.

மூன்றாம் நாள் சாவடி அதிகாரிகள் வாக்காளர் புத்தகங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஜிக்மண்ட் முகவரிகளை வாசித்தார். வெர்லீன் டிக் அடித்தாள்.

"2211. 2213. 2215. 2217. 2218, வீடு ஒண்ணு. 2218, வீடு ரெண்டு..."

அவள் பென்சில் நின்றது. கையில் இருந்தது நான்காவது தொகுதிப் புத்தகம். 2218 எதிர்வரிசை அடுக்குமாடிக் கட்டடம். யாரோ கணினியில் அதை இந்தப் பக்கம் சேர்த்திருக்கிறார்கள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"முனை மழுங்கிடுச்சு."

"சீவிக்கோ."

சீவிக்கொண்டாள். அவர் அதே குரலில் வாசித்துக்கொண்டே போனார். 2218இல் நாற்பத்து மூன்று கையெழுத்துகள். நாற்பத்து மூன்று பேர் தங்களுடையதல்லாத தொகுதிக்கு வாக்களித்துவிட்டார்கள்.

"தலை சுத்துது. நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும்தான். அப்புறம் முடிவை அறிவிச்சுடுவாங்க" என்றார் அவர்.

படியிறங்கும்போது கேட்டாள். "ஜிக், நீ பார்த்தியா?"

"கண்ணாடியைக் கழட்டிட்டுத்தானே படிச்சேன்."

"கண்ணாடி இல்லாட்டி உன் மூக்கே உனக்குத் தெரியாது."

அவர் இரண்டு படி இறங்கினார். "பார்த்தேன். உன் பொண்ணு சமாச்சாரம். நீ வாயைத் திறந்தா நானும் திறக்கறேன்."

"திறக்கலைன்னா?"

"எனக்கு வயசாச்சு, மறந்துடும்."

"நீ துள்ளிக் குதிப்பேன்னு நினைச்சேன்."

"உங்க வீட்டுச் சண்டையில எனக்கென்னம்மா? ரெண்டு பேருமே என் வரியை ஏத்தறவங்கதான்."

5

ஒப்புக்கொள்கிறேன் என்றேனே. 2218, வீடு ஏழு. அது நான்.

ஜனவரியில் எங்கள் கட்டடத்தின் கொதிகலன் பழுதாகி, உரிமையாளர் பதினோரு நாள் எட்டிப்பார்க்கவில்லை. குழாய் நீர் உறைந்துபோயிற்று. டெனிட்டாதான் நீதிமன்றத்துக்குப் போய்க் கொதிகலனை மாற்ற வைத்தாள். எங்கள் கட்டடத்தில் அவள் பெயரைச் சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும்.

ஜூலையில் எனக்குத் தபாலில் ஒரு அட்டை வந்தது: உங்கள் தொகுதி ஐந்து. ஆகஸ்டில் தீயணைப்பு நிலையத்தில் எனக்கு நான்காவதின் வெள்ளைச் சீட்டைக் கொடுத்தார்கள். வெர்லீன் அப்போது காகிதம் சிக்கிய இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சீட்டில் டெனிட்டாவின் பெயர் இருந்தது. 'அவர்களுக்குத் தெரியாததா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெயருக்கு நேரே ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க எவ்வளவு நேரமாகும்?

செப்டம்பரில் ஜிக்மண்ட் கதையைச் சொல்லி முடித்தபோதும் நான் இதைச் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு என் முகவரி தெரியும், சாவி வெட்டுகிறவர். ஒருவேளை அதனால்தான் சொன்னாரோ என்னவோ—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை.

6

அடுத்த காட்சியில் வெர்லீனை நான் நம்பவில்லை. முதல் வரைவில் அவள் நேராகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். படித்துப் பார்த்தேன். நல்லவள்தான், ஆனால் ஆள் இல்லை, அட்டையில் வெட்டிய உருவம். ஜிக்மண்டிடம் போய்க் கேட்டேன். "நேராவா? இல்லடா. பொண்ணுகிட்டதான் முதல்ல போனா" என்றார். அவர்களுக்குள் நடந்த பேச்சை வெர்லீனோ டெனிட்டாவோ எனக்குச் சொல்லவில்லை. நான் கட்டியது இது.

டெனிட்டாவின் தேர்தல் அலுவலகம் பழைய செருப்புக்கடை. உள்ளே ஆட்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்லீன் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். டெனிட்டா செருப்பு போட்டுப் பார்க்கும் குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை பேர்?"

"நாப்பத்து மூணு."

"2218." கண்ணை மூடிக்கொண்டாள். "அங்க எனக்கு எதிரா மூணு பேர்கூட இருக்கமாட்டாங்க."

"தெரியும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஜிக்குக்கு. நான் பேசினாத்தான் பேசுவான்."

முன்னறையில் யாரோ டெனிட்டாவின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

"அத்தை, நீங்க ஏன் முதல்ல இங்க வந்தீங்க?"

வெர்லீன் அலமாரியில் கிடந்த காலிச் செருப்புப் பெட்டியை நேராக்கினாள்.

"வேண்டாம், சொல்லாதீங்கன்னு என் வாயால வரணும்னுதானே?"

"ஆமான்னுதான் நினைக்கறேன், கண்ணு."

"சொல்லமாட்டேன். போய்ச் சொல்லுங்கன்னும் சொல்லமாட்டேன். இதைத் தூக்கி என் தலையில வைக்காதீங்க."

வெர்லீன் எழுந்தாள். வாசலில் ஒரு பையன் கேக் தட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றே முழுவதையும் தின்றாள். என்ன ருசி என்று தெரியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு வெர்லீனும் ஜிக்மண்டும் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார்கள். நடந்ததை அவள் எழுதினாள், அவளுக்குக் கீழே அவர் கையெழுத்திட்டார். "எழுத்துப்பிழை ரெண்டு இருக்கு" என்றார். "மூடிட்டுப் போடு" என்றாள்.

அந்த வாரம் காய்கறிக்கடையில் ஒருத்தி, "வளர்த்த பொண்ணையே கவுத்துட்டியே, மகராசி" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். வெர்லீன் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்து, வரிசையில் நின்று, வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் அழுதாள்.

7

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மேப்ரி தானே விலகிக்கொள்கிறார். இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்தவர் எழுந்துகொள்வதை என்னாலேயே கற்பனை செய்ய முடியவில்லை. இன்னொன்றில் நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் நீதிமன்றத்தில் வரிசையாக நின்று யாருக்குப் போட்டோம் என்று சொல்கிறோம். அழகாக இருந்தது. ஆனால் நிஜத்தில் வழக்கு நடந்தபோது நீதிபதி எங்களைக் கேட்கவில்லை. சீட்டு ரகசியம் ரகசியம்தான் என்றுவிட்டார். பெட்டியில் விழுந்த நாற்பத்து மூன்றை இனி எந்தக் கையாலும் பிரித்தெடுக்க முடியாது. யார் ஜெயித்தது என்பது தெரியாமல் போனதல்ல, தெரியவே முடியாதது.

மேப்ரியின் வக்கீல் ஏதோ விகிதக் கணக்குப் போட்டு நாற்பத்து மூன்றையும் கழிக்கச் சொன்னார். டெனிட்டாவின் வக்கீல் முடிவு அப்படியே நிற்கட்டும் என்று ஆரம்பித்தபோது, டெனிட்டா அவர் முழங்கையைத் தொட்டு உட்காரவைத்தாள்.

"மறுபடி நடத்துங்க. தொகுதி முழுக்க. நான் கேட்கறது அதுதான்."

மூன்றாம் வரிசையில் இருந்த வெர்லீன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நீதிபதி செப்டம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை என்று தேதி குறித்தார்.

தாழ்வாரத்தில் டெனிட்டா அவளைக் கடந்து போய், திரும்பி வந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் என்கிட்ட பேசாதீங்க. கோபம் தீரல."

"சரி."

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவேன்."

"பேசாமயே சாப்பிடுவியா?"

"பேசாமயே சாப்பிடுவேன்."

வந்தாள். பேசாமலே சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் தட்டை நீட்டினாள். (இது மட்டும் வெர்லீனே எனக்குச் சொன்னது. எப்போது என்பது கீழே.)

8

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தீயணைப்பு வண்டிகள் வெளியே நின்றன. மறுதேர்தல் நான்காவது தொகுதிக்கு மட்டும். எங்கள் வரிசைக்கு அன்று தேர்தலே இல்லை. தெரிந்தும் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

வெர்லீன் அடையாள அட்டையைப் பார்த்தாள். திருத்திய புத்தகத்தில் விரலை ஓட்டினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"2218. உங்களுக்கு இன்னைக்கு இங்க வேலை இல்லையே, ராசா."

"தெரியும்மா. போன தடவையும் தெரியும். அட்டை வந்திருந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

பின்னால் நின்றவர்கள் காலை மாற்றி நின்றார்கள். ஜிக்மண்ட் தொத்திறைச்சியை மெல்லுவதை நிறுத்தினார். வெர்லீன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். பத்தடி தள்ளி. இந்தத் தெருவுல எந்த நம்பர் எந்தப் பக்கம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எனக்கும் கண்ணுல படல." குரலைத் தாழ்த்தினாள். "சரி, வரிசையை விடுங்க. மத்தியானம் வாங்க, பை இருக்கு."

மத்தியானம் போனேன். வண்டிகளுக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்து பை தின்றபோதுதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சொன்னாள். டெனிட்டா ஜெயிப்பாளா என்று கேட்டேன்.

"நான் அதிகாரி. எங்கிட்ட அதைக் கேட்கக் கூடாது" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. யார் எத்தனை வாக்கில் ஜெயித்தார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்த எண்ணை இங்கே மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். ஒருமுறை இந்தத் தொகுதியின் முடிவில் எனக்கு உரிமையில்லாமல் கைவைத்தவன் நான். என் வீட்டு எண் 2218. இந்தக் கதையின் முடிவை ஒற்றைப்படை வீட்டுக்காரர்கள் யாராவது உங்களுக்குச் சொல்லட்டும்.