நூற்றில் பத்து

லிப்ட் மெக்கானிக்குக்குக் காதில் பாதிதான் விழும். மீதியை அவரே போட்டு நிரப்பிக்கொள்வார். மோட்டார் சத்தத்தில் பழுதான காது. அதை ஒப்புக்கொள்ளும் பழக்கம்தான் அவருக்கு இல்லை.

காசநோய் என்று தெரிந்த அன்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். வயது ஐம்பதுக்கு மேல், அடங்காத சர்க்கரை, எலும்பும் தோலுமான உடம்பு. "உங்கள மாதிரி இருக்கறவங்கள்ல நூத்துல பத்துப் பேரு..." மீதியை முகக்கவசம் விழுங்கிவிட்டது. மெக்கானிக் பலமாகத் தலையாட்டினார். பத்துப் பேர்தான் பிழைப்பார்கள். சரி, புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மருமகனைக் கூப்பிட்டுத் தன் பைக் சாவியைக் கையில் வைத்தார். "நல்லா பாத்துக்கோங்க மாப்பிள்ளை." குரல் தழுதழுத்தது, கொஞ்சம் வேண்டுமென்றேதான் தழுதழுக்க விட்டார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"எனக்கப்புறம் நீ யாரையும் நம்பி இருக்காத."

"இப்ப மட்டும் உங்கள நம்பியா இருக்கேன்? மாத்திரையப் போடுங்க."

மறுநாள் சிறுநீர் செக்கச்செவேலென்று போயிற்று. உள்ளேயே எல்லாம் கரைந்து வருகிறது என்று முடிவு கட்டினார். போகிற உயிருக்கு மருந்து எதற்கு? அன்று முதல் மாத்திரைகளை ஜன்னலோரச் செடித்தொட்டியில் புதைத்தார். சாவுக்கு அஞ்சாத தன் நெஞ்சுரத்தை நினைத்து அவருக்கே மெய்சிலிர்த்தது. அது காய்ச்சல் நடுக்கம் என்பது அப்போது தோன்றவில்லை.

செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன மனைவி மாத்திரைகளைப் பார்த்துவிட்டாள். அப்படியே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். இந்த முறை டாக்டரம்மா கத்தியே சொன்னார்: "ஐயா, சாகறவங்கதான் பத்துப் பேரு! தொண்ணூறு பேரு பொழைக்கறாங்க. மாத்திரைய நிறுத்தினா நீங்க அந்தப் பத்துல போய்ச் சேருவீங்க. சிவப்பா போறது மாத்திரையோட சாயம், பயப்படாதீங்க."

வெளியே வரிசை முழுவதும் கேட்டிருந்தது. பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த தையல்காரர், "பத்துல சேர நீங்களாவே கை தூக்கினீங்களாண்ணே?" என்றார். மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதிலிருந்து மனைவி மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கியும் பார்த்தாள். ஒருநாள் மருமகனிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"நான் பொழைச்சுக்குவேன் போல இருக்கு, மாப்பிள்ளை."

"ரொம்ப சந்தோஷம் மாமா," என்று சொல்லிவிட்டு மருமகன் பைக்கிலேயே கிளம்பிப்போனான்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது தையல்காரரைக் காணவில்லை. நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "தவறிட்டாருங்க. ஒரு வேளை மருந்தக்கூட விட்டதில்ல. ஆனா எங்ககிட்ட வரும்போதே நோய் முத்திப்போச்சு."

மருந்தை மண்ணில் புதைத்தவன் நிற்கிறான். ஒழுங்காக விழுங்கியவர் போய்விட்டார். காலியாக இருந்த பெஞ்சில் உட்கார மனமில்லாமல், முறை வரும்வரை சுவரோரம் நின்றார்.

ஆறு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்றார்கள். கால்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது. வேலைக்குத் திரும்பியவர் செடித்தொட்டிக் கதையைத் தானே நடித்துக் காட்டி, எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தார். தையல்காரரைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.