பதின்மூன்றாம் துடுப்பு

முத்துக்குளிக்கும் முஹர்ரக் தீவில் அந்தக் காலத்தில் ஒரு மூச்சின் விலை அரையணா. நான் வைத்த விலையல்ல; முத்து வியாபாரியான என் தகப்பனார் கணக்குப் போட்டுக் கண்டது. ஒரு பருவத்தில் ஒரு குளியாளி எத்தனை முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறான், கடைசியில் அவன் கைக்கு என்ன வருகிறது, வகுத்துப் பார்த்தால் அரையணா. இதற்குக் கீழே பேரம் பேசினால் பாவம் என்பார். மேலே பேசினால் நஷ்டம் என்பார்.

கப்பல் தலைவரான நாகுதா கல்ஃபானின் கப்பலில் அவர் என்னை ஏற்றியதும் அந்தக் கணக்கில்தான். முன்பணம் எங்களுடையது, முத்து வேறு கைக்குப் போய்விடக் கூடாது. எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்று பேரேட்டில் எழுதுவதும் என் தலையில் விழுந்தது.

கப்பலின் இரு பக்கமும் துடுப்புகளை வெளியே நீட்டிக் கட்டியிருக்கும். துடுப்புக்கு ஒரு கயிறு. கயிற்றின் கீழே ஒரு குளியாளி, மேலே அவனை இழுப்பவன். கீழே இருப்பவன் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கயிறு மட்டுமே பேசும். எங்கள் கப்பலில் துடுப்பு பதின்மூன்று, கயிறு பன்னிரண்டு. பதின்மூன்றாவது துடுப்பு போன வருடம்வரை ஃபைரூஸுடையது. யாரோ “சுறா” என்று கத்த, கல்ஃபான் இங்குமங்கும் ஓடி ஆளுக்கொரு உத்தரவு போட்டார். கூச்சல் அடங்கியபோது ஃபைரூஸின் கயிறு வெறுமனே வந்தது. சுறாவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கல்ஃபான் வரையத் தொடங்கினார். ஒரு கரித்துண்டு, ஒரு பழைய பலகை. ஆட்கள் இறங்கியதும் உட்கார்ந்து கயிறுகளை வரைவார். சாயங்காலம் கடல்நீர் ஊற்றிக் கழுவிவிடுவார். முகம் வரைவதில்லை. வரைந்தால் மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்பார்களாம். கயிற்றுக்கு உயிர் கேட்க யாரும் வரமாட்டார்களாம். நான் கேலியாக அந்தப் பலகைக்கு ஒரு கூடை பேரீச்சம்பழம் விலை சொன்னேன்.

“படத்துக்கு நீ வெல சொல்ற, சின்ன முதலாளி,” என்றார். “எனக்கு அது பாக்குறதுக்கு ஒரு சாக்கு. வரையலன்னா என் கண்ணு போன வருஷத்துக்கே ஓடிப்போயிருது.”

பேரீச்சை பழுக்கும் மாதம், ஒரு நடுப்பகல். காற்று செத்துக் கிடந்தது. வெள்ளை மூட்டம் இறங்கி, கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பாய்மர உச்சி மறைந்துவிட்டது. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். பேரேட்டில் மை காயும் முன், கப்பலுக்குப் பின்னால், ஒரு கயிறும் இல்லாத திசையிலிருந்து குரல் வந்தது.

“தர்வீஷ், இழு.”

சுரூரின் குரல். சுரூர் தர்வீஷின் மச்சான்; சுரூரின் கயிற்றை மேலே பிடித்திருந்தவனும் தர்வீஷ்தான். அப்போது சுரூர் ஏழு பாகம், ஏழு ஆள் ஆழத்தில் இருந்தான். அங்கே வாயைத் திறந்தவன் எவனும் அதை மறுபடி மூடியதில்லை.

பிறகு எல்லாருக்கும் கேட்டது, அவரவர் ஆளின் குரலில். தெரிந்த ஆள் குரலில் கூப்பிடும் கடல்பேயைக் ‘கடலின் தகப்பன்’ என்பார்கள். கூப்பிட்டால் திரும்பாதே என்று பிள்ளைப் பருவத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் சொந்த மச்சான் கூப்பிட்டால் எவன் திரும்பாமல் இருப்பான்? இழுப்பவர்கள் பன்னிரண்டு பேரும் கயிற்றைத் தளரவிட்டுப் பின்பக்கம் நகர்ந்தார்கள். கீழே எனக்கு யாருமில்லை. எனக்குக் கேட்டது என் குரலே. “என்ன வெல?” என்று நிதானமாகக் கேட்டது.

கல்ஃபானின் முகம் சாம்பலாகிவிட்டது. அவருக்கு யார் குரல் கேட்டது என்று நான் கேட்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தார். மூடினார். உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டார்.

பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு மூச்சு எண்பது எண்ணும்வரை தாங்கும். நான் எண்ணியது முப்பதைத் தாண்டியிருந்தது. கரி பலகையில் உரசும் சத்தம் கேட்டது. முதல் கோடு நடுங்கியது. இரண்டாவது கொஞ்சம் குறைவாக. மூன்றாவது கோடு நேராக விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கி அந்தக் கயிற்றை ஒரு பார்வை பார்த்தார். தாழ்ந்த குரலில், “மொதக் கயிறு நேரா இருக்கு, புடி. ரெண்டாவது நேரா இருக்கு, புடி” என்று சொல்லிக்கொண்டே போனார். ஆட்கள் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள்போல ஒவ்வொருவராகத் தம் இடத்துக்குத் திரும்பினார்கள். தர்வீஷ் மட்டும் பின்பக்கம் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான்.

“தர்வீஷ், உன் கயிறு நங்கூரக் கயித்தோட சுத்திக்கிச்சு. மச்சான் முன்னால இருக்கான், கொரல் பின்னால கேக்குது. எத நம்புற?” என்றார் கல்ஃபான்.

அவன் கயிற்றைப் பார்த்தான். ஓடிவந்தான். இருவர் நங்கூரக் கயிற்றைத் தூக்கிக் கொடுக்க, அவன் இழுத்தான். எழுபத்தொன்பதில் சுரூரின் தலை நீருக்கு மேலே வந்தது. மூக்கில் ரத்தம். துடுப்பைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் இருமினான்.

“ஏன் மச்சான்,” என்றான் பிறகு, “ஒங்க அக்காவக் கட்டுனவன் நான்தானே? இழுக்குறதுக்கு இன்னும் பரிசப்பணம் பாக்கி வெச்சிருக்கேனா?”

மற்றவர்களும் ஏறிவிட்டார்கள். குரல் நின்றுபோயிருந்தது. நான் பலகையை எட்டிப் பார்த்தேன். பதின்மூன்று கோடுகள். கடைசிக் கோடு மற்றவற்றைவிட விறைப்பாக, கீழே பாரம் தொங்குவதுபோல விழுந்திருந்தது.

“இது எதுக்கு, நாகுதா?”

“பாத்தத வரைஞ்சேன்.”

ஃபைரூஸின் பதின்மூன்றாம் துடுப்பைப் பார்த்தேன். அதில் கயிறு இல்லை. ஆனால் துடுப்பு வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு முனகியது.

கல்ஃபான் எழுந்து அதனிடம் போனார். வெறும் காற்றைப் பிடித்து, ஒரு கைக்கு மேல் மறுகை வைத்து, இழுக்கத் தொடங்கினார். அவசரமே இல்லை. விரலிடுக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் நிறுத்தியபோது துடுப்பு நிமிர்ந்தது. மேலே எதுவும் வரவில்லை. அவர் உள்ளங்கைகளில் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவர் பலகையைக் கழுவவில்லை. என் பேரேட்டைக் காட்டி, எழுது என்றார். எழுதினேன்.

இறங்கியவர் பன்னிரண்டு. ஏறியவர் பன்னிரண்டு. இழுத்த கயிறு பதின்மூன்று. பாக்கி ஒன்று.