மூக்கை நம்பித் தைத்த துணி

தைத்துக் கொடுத்த பன்னிரண்டு சட்டைகளும் மூன்றாம் நாளே திரும்பி வந்தன. பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே பச்சைக் குழந்தைகளுக்கான துணிக்கடை வைத்திருக்கும் அக்கா, யாரிடமும் கொடுத்தனுப்பாமல் தானே மாடியேறி வந்தாள். பையை மேஜையில் வைத்துவிட்டு, தையலில் ஒரு குறையும் இல்லை என்று முதலில் சொன்னாள். அப்படி ஆரம்பித்ததுமே தையல்காரி பையைத் திறந்து சட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.

"வாடை அடிக்குது தங்கச்சி. ரொம்ப நாள் மூடி வெச்ச அலமாரியைத் திறந்தா வருமே, அந்த மாதிரி. ஒரு அம்மா பிரிச்சு மோந்து பார்த்துட்டு, அப்படியே மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க."

சனிக்கிழமைக்குள் வாடையில்லாத ஒரே ஒரு சட்டையைத் தைத்துக் காட்டினால் போதும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனாள். அன்று புதன்கிழமை.

தையல்காரி இயல்பிலேயே காலில் சக்கரம் கட்டியவள். ஒன்பது வருடம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் காலர் மட்டுமே தைத்தாள். அவளை ஒரே இடத்தில் உட்கார வைத்தது அந்தக் காலர்கள்தான் என்று அவள் கணவர் கேலி செய்வார். தொழிற்சாலையை மூடிய பிறகு, யாரோ காலி செய்த வீட்டிலிருந்து ஒரு பழைய தையல் மெஷினை எடுத்து வந்தாள். கறுப்பு இரும்பு, கழுத்தில் தங்க நிறப் பூக்கள், கீழே இழுப்பறைகள் வைத்த மரமேஜை. பல வருடங்கள் நிலவறையில் கிடந்ததாம். சக்கரத்தைத் தொட்டால் வெண்ணெயாய்ச் சுற்றியது. வாடை மட்டும் குடலைப் பிடுங்கியது.

அவள் சும்மா விடவில்லை. மரத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து நிழலில் உலர்த்தினாள். இழுப்பறைகளில் கிண்ணம் கிண்ணமாகச் சமையல் சோடா வைத்தாள். மெஷினின் மூட்டுகளில் பிசினாக உறைந்திருந்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெய்த் துணியால் வழித்தெடுத்துப் புது எண்ணெய் விட்டாள். பத்து நாள் அதனோடேயே கிடந்ததில் அவள் மூக்கு மரத்துப் போயிற்று. வாடை இருக்கிறதா, போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால்தான் கணவரைக் கூப்பிட்டாள்.

அவர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் சமையல்காரர். கூடப் பிறந்தவர்கள் அவரை இன்றுவரை 'மூக்கன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் என்ன வேகிறது, எந்த வீட்டில் அடிப்பிடித்தது என்று சொல்லிவிடுவார். அவர் குனிந்து, ஒவ்வொரு இழுப்பறையாக முகர்ந்து பார்த்துவிட்டு, வாடை சுத்தமாகப் போய்விட்டது, தைரியமாகத் தைக்கலாம் என்று சொன்னார். அவள் தைத்தாள்.

இப்போது துணி திரும்பி வந்திருக்கிறது.

அக்கா போனதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சட்டைகளைக் கொடியில் போட்டாள். காய்வதற்கு அவை ஈரமாகவே இல்லை என்று உறைத்ததும் எடுத்துவிட்டாள். மண்ணெண்ணெயில் ஒரு துணியை நனைத்து மெஷினின் அடிப்பக்கத்தை மறுபடியும் துடைக்கத் தொடங்கினாள். சட்டைக்கு வெட்டியது போக மிஞ்சிய வெள்ளைத் துண்டு அது. பாதியில் அதையும் மேஜைமேல் போட்டுவிட்டு, அக்காவுக்குத்தான் ஏதோ பிரமையா, இல்லை தன் கைதான் நாறுகிறதா என்று நகங்களை முகர்ந்து பார்த்தாள்.

மாலையில் சமையல்காரர் வந்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே, "எங்க, குடு பார்க்கலாம்" என்று மேஜையிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்தார். அது சட்டையல்ல. மண்ணெண்ணெய்த் துணி. அவள் வாயைத் திறப்பதற்குள் அதை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

"சோப்பு வாசனைதான் வருது. அந்தம்மா சும்மா ஏதாவது குறை சொல்லணும்னு சொல்றாங்க."

அவள் அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி விரித்துக் காட்டினாள். கறுத்த எண்ணெய்க் கறை நடுவில் இருந்தது.

"இது மண்ணெண்ணெய்ங்க."

அவர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மெஷினுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

எட்டு மாதமாகிறது என்றார். காய்ச்சலில் படுத்தாரே, அதற்குப் பிறகு மூக்கில் எந்த வாசனையும் வருவதில்லை. முதலில் சளி என்று நினைத்தார். சமையல்கட்டில் கடிகாரத்தைப் பார்த்தும் கரண்டியை எண்ணியும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ருசி பார்க்க வேண்டியிருந்தால், வேலை இருப்பதுபோல் நகர்ந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்வார். போன மாதம் நோயாளிகளுக்கு ஊற்ற வைத்திருந்த பால் கெட்டிருந்தது. பாத்திரம் கழுவுகிற அம்மாள் கவனித்துச் சொல்லியிராவிட்டால் அது அப்படியே வார்டுக்குப் போயிருக்கும்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நாலு நாள் தூங்க மாட்டே."

"இப்ப மட்டும் தூங்கப் போறேனா?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைகளைப் பற்றியா, பாலைப் பற்றியா, எட்டு மாதமாகத் தன் சமையலைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு நடித்ததைப் பற்றியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அறைக்கும் பால்கனிக்குமாகப் பத்துத் தடவை நடந்தாள். கடைசியில் அவர் எதிரே வந்து நின்றாள்.

"நாளைக்குத் தலைமைச் சமையல்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இன்னொரு தடவை பால் கெட்டு, யாரும் பார்க்காமப் போயிட்டா என்ன பண்றது?"

அவர் சரி என்றார். அப்புறம், என்ன தோன்றியதோ, ஒரு திருப்புளியை எடுத்துவந்து மெஷினுக்கு அடியில் படுத்தார். மூக்குதான் இல்லை, கண் இருக்கிறது என்று முனகினார். இருவரும் கீல்களைத் தளர்த்தி இரும்பு மெஷினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அதற்குக் கீழே, எண்ணெய் சொட்டுகிற தகரத் தட்டில் தடித்த கம்பளித் துணி ஒன்று ஒட்டியிருந்தது. அவள் அதை மேலோடு துடைத்திருந்தாளே தவிர, பெயர்த்துப் பார்க்கவில்லை. பெயர்த்ததும் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை. இழுப்பறைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து விளக்கில் காட்டியபோது அவர்தான் இன்னொன்றைக் கண்டார். உள்ளே யாரோ அழகுக்காகப் பூப்போட்ட காகிதத்தை மாவுப்பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால், பின்பக்கம் முழுவதும் கறுப்புப் புள்ளிகள். இத்தனை நாளும் அவள் சோடாக் கிண்ணங்களை அந்தக் காகிதத்தின்மேல்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலையில் காகிதத்தை நனைத்துச் சுரண்டினாள். வினிகரால் கழுவி, பால்கனி நிழலில் இழுப்பறைகளை நிறுத்தினாள். மெஷினின் பழைய தோல்பெல்ட்டையும் தூக்கி எறிந்து புதிது மாட்டினாள். அரைமணிக்கு ஒருமுறை மரத்தைத் தொட்டுப் பார்த்தாள், தொட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதைப்போல. வெள்ளிக்கிழமை முழுக்க அது காற்றாடியது. இந்த முறை அவள் தன் மூக்கையும் நம்பவில்லை. அன்றிரவு மெஷினை மறுபடி பொருத்தி, இழுப்பறைக்குள் சுத்தமான துணி ஒன்றைச் சுருட்டி வைத்து, மறுநாள் காலை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதோடு ஒரு புதுச் சட்டையும் தைத்து எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

அக்கா இரண்டையும் முகர்ந்தாள். வாசலுக்குப் போய் வெளிக்காற்றை இழுத்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். அதற்குள் தையல்காரி கடையிலிருந்த குட்டித் தொப்பிகள் அத்தனையையும் நிறவாரியாக அடுக்கி முடித்திருந்தாள்.

"துணி வாசனைதான் வருது. தைச்சுக்கிட்டு வா" என்றாள் அக்கா.

சமையல்காரரின் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிட்டார். தலைமைச் சமையல்காரர் திட்டவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. அவரை அடுப்படியிலிருந்து எடுத்துக் காய்கறி நறுக்கும் பக்கம் போட்டுவிட்டார். பார்த்த டாக்டர், வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று நழுவினார். ஒரு வாரம் அவர் வீட்டில் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானே சமைக்கிறேன் என்று அடுப்படிக்குள் போனார். அவள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வெங்காயம் ஆயிடுச்சா, வந்து பாரு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்து போய் முகர்ந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றாள். உட்கார்ந்து ஒரு சட்டைக்கை தைப்பதற்குள் மறுபடி கூப்பிட்டார். மறுபடி போனாள். நான்காவது தடவை, மெஷினை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளேன், இவ்வளவு நடை மிச்சம் என்றார்.

"வேண்டாம். சட்டையெல்லாம் வெங்காய வாடை அடிக்கும்" என்றாள் அவள். "நீங்க கூப்பிடுங்க. நான் நடக்கிறேன்."